ப்ரொஃபைலர் டார்கெட்டை எப்படி ஸ்டார்ட் பண்ணணும்: அட்டாச், பிட்ரேஸ், பைப், ஷிம் – எதை எடுக்கலாம்?

ஒரு ப்ரோக்ராம் எங்க நேரம் செலவழிக்குதுன்னு அளக்கற டூலான ப்ரொஃபைலர்கிட்ட "இந்த கமாண்டை ஓட்டி ரெக்கார்ட் பண்ணு"ன்னு சொல்றோம்ல, அங்க அது செய்ய வேண்டியது கேக்க சின்னதாத்தான் இருக்கும். டார்கெட் ப்ராசஸை (அளக்கப் போற ப்ரோக்ராமை) உருவாக்கணும், அது தன்னோட முதல் வரியை ஓட்டறதுக்கு முன்னாடியே கவுன்ட்டரை (சாம்பிள் எடுக்கற கெர்னல் ஈவென்ட்டை) மாட்டணும், அப்புறம் ஓட விடணும். இந்த வரிசை கொஞ்சம் பிசகினாலும் ப்ரொஃபைல் ஃபைல் வரும், கிராஃபும் வரும், ஆனா ஸ்டார்ட்அப்ல பாதி காணாம போயிருக்கும், இல்லன்னா ஃபங்ஷன் பேர் வர வேண்டிய இடத்துல வெறும் ஹெக்ஸ் அட்ரஸா நிக்கும், பாக்கறவங்களுக்கு ஏதோ தப்பு நடந்திருக்குன்னே தெரியாது. எரர் வந்து நின்னா கூட பரவாயில்ல, தப்பான நம்பரை நம்பி ஒருத்தர் உக்காந்து தேவையில்லாத இடத்தை ஆப்டிமைஸ் பண்ணிட்டு இருப்பாரு, அதுதான் எனக்குப் பொறுக்கல.

அதனால லாஞ்ச் கோடை சரி பண்ண உக்காரும்போது என்னென்ன வழி இருக்கு, எது எங்க உடையும்னு பாக்கலாம். பெரும்பாலும் லினக்ஸை வச்சுதான் பேசப் போறேன், மேக், விண்டோஸ் ரெண்டையும் பின்னாடி சுருக்கமா தொடறேன். என் முடிவை இப்பவே சொல்லிடறேன்: லினக்ஸ்ல ஃபோர்க் பண்ணின (ப்ராசஸ் தன்னையே நகல் எடுத்து உருவாக்கின) சைல்டை ஒரு பைப்ல நிறுத்தி வச்சு, எக்ஸெக் ஆகும்போது (அந்த நகலுக்குள்ள புது ப்ரோக்ராம் ஏறும்போது) தானா ஆன் ஆகற மாதிரி கவுன்ட்டர்ல எனேபிள் ஆன் எக்ஸெக் ஃப்ளாக் போட்டு, எக்ஸெக் ஃபெயில் ஆனா அதைச் சொல்ல இன்னொரு பைப் வச்சுக்கறதுதான் சரி. உங்க டூல் கோ, பைத்தான் மாதிரி மொழியில இருந்தா இதையே ஷிம், அதாவது நடுவுல நிக்கற ஒரு குட்டி பைனரி வழியா பண்ணுங்க. மத்ததெல்லாம் ஏதாவது குறிப்பான தேவை இருந்தா மட்டும்.

முதல்ல நிறைய டூல்ல இருக்கிற வழியையே எடுத்துக்கலாம், அதாவது ப்ராசஸை சாதாரணமா ஸ்பான் பண்ணிட்டு, பிஐடி (ப்ராசஸோட நம்பர்) கிடைச்சதும் அதுல போய் அட்டாச் ஆகறது. எழுத ரொம்ப ஈஸி, ஏற்கனவே ஓடிட்டு இருக்கிற ப்ராசஸுக்காக எழுதின அட்டாச் கோடையே திரும்ப யூஸ் பண்ணிக்கலாம், அதனாலதான் எல்லாரும் இங்கேர்ந்து ஆரம்பிக்கறாங்க. ஆனா ஸ்பானுக்கும் அட்டாச்சுக்கும் நடுவுல டார்கெட் சும்மா இருக்காது. 200 மில்லிசெகண்ட் ஓடற ஒரு கமாண்ட் லைன் டூலை நொடிக்கு 1000 சாம்பிள்ல எடுக்கறீங்கன்னு வைங்க, மொத்தமே 200 சாம்பிள், அதுல முதல் 30 மில்லிசெகண்ட் தவறிச்சுன்னா 15 சதவீதம் போச்சு, அதுவும் டைனமிக் லிங்கர், கான்ஃபிக் படிக்கறது, க்ளோபல் கன்ஸ்ட்ரக்டர்னு எதை பாக்கணும்னு ப்ரொஃபைலரை ஓட்டினாங்களோ சரியா அந்தப் பகுதி. இன்னும் சின்ன ப்ராசஸா இருந்தா அட்டாச் ஆகறதுக்குள்ள செத்தே போயிருக்கும், அப்போ "அப்படி ஒரு ப்ராசஸ் இல்ல"ன்னு எரர் வரும், யூசருக்கு தலையும் புரியாது வாலும் புரியாது.

அது மட்டும் இல்ல. லினக்ஸ்ல கவுன்ட்டரைத் திறக்கற பெர்ஃப் ஈவென்ட் ஓப்பன் சிஸ்காலுக்கு நாம குடுக்கற பிஐடி உண்மையில ஒரே ஒரு த்ரெட்டைத்தான் குறிக்கும். இன்ஹெரிட் ஃப்ளாக் போட்டா அந்த த்ரெட் அதுக்கப்புறம் உருவாக்கற பிள்ளைகளுக்குத்தான் கவுன்ட்டர் போகும், ஏற்கனவே உருவான த்ரெட்டுக்குப் போகாது. அதனால ப்ராக் டைரக்டரியில டாஸ்க் லிஸ்ட்டைப் படிச்சு ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனியா ஓப்பன் பண்ணணும், படிச்சு முடிக்கறதுக்குள்ள புதுசா ஒரு த்ரெட் பொறந்தா அதையும் பிடிக்கணும், லிஸ்ட் மாறாம நிக்கற வரைக்கும் திரும்பத் திரும்ப படிக்கணும். மெமரி மேப்பிங்கும் அதே கதைதான், மேப்ஸ் ஃபைலை முதல்ல படிச்சுட்டு அப்புறம் ஈவென்ட்டை ஓப்பன் பண்ணினா நடுவுல லோட் ஆன லைப்ரரி ரெண்டுலயும் இருக்காது, சிம்பல் கிடைக்காது. ஈவென்ட்டை முதல்ல திறந்துட்டு அப்புறம் மேப்ஸ் படிக்கணும், சிலது ரெண்டு தடவை வரும், அது பரவாயில்ல. ஓடிட்டு இருக்கிற சர்வர்ல அட்டாச் பண்ண இந்தப் பாடு பட்டுத்தான் ஆகணும், வேற வழி இல்ல. நாமே ஸ்டார்ட் பண்ற ப்ராசஸுக்கு எதுக்கு இந்த ஓட்டப்பந்தயம்?

சிலர் இதைச் சரி பண்றேன்னு ஸ்பானுக்கு அப்புறம் சின்னதா ஒரு ஸ்லீப், இல்ல ரீட்ரை லூப் போடுவாங்க. தயவு செஞ்சு அந்த பேட்ச்சை ஏத்துக்காதீங்க. ரேஸ் அப்படியே உள்ளதான் இருக்கும், நம்ம மெஷின்ல மட்டும் கண்ணுக்குத் தெரியாம போகும், லோட் அதிகமா இருக்கிற சிஐ (தானா டெஸ்ட் ஓட்டற) மெஷின்ல திரும்ப முளைக்கும்.

இன்னொரு பக்கம், சிஸ்டம் முழுக்க ரெக்கார்ட் பண்ணிட்டு அப்புறம் பிஐடி வச்சு வடிகட்டிக்கலாம்னு ஒரு யோசனை இருக்கு. லாஞ்ச் ரேஸ் சுத்தமா போயிடும், ஏன்னா டார்கெட் பொறக்கறதுக்கு முன்னாடியே ரெக்கார்டிங் ஆரம்பிச்சாச்சு, ஃபோர்க், எக்ஸெக் எல்லாம் ஈவென்ட்டா வந்து விழும். ஆனா பர்மிஷன் இடிக்கும். பெர்ஃப் ஈவென்ட் பாரனாய்ட் செட்டிங் கெர்னல் 4.6லேர்ந்து டீஃபால்ட்டா 2, அந்த லெவல்ல சாதாரண யூசர் தன்னோட ப்ராசஸோட யூசர் ஸ்பேஸை மட்டும்தான் பாக்க முடியும், சிஸ்டம் முழுக்க பாக்கணும்னா 0 இல்ல அதுக்குக் கீழ போகணும், இல்லன்னா ரூட், இல்லன்னா 5.8ல வந்த கேப் பெர்ஃப்மான்ங்கற உரிமை. சில டிஸ்ட்ரோ 2ஐ விட இறுக்கமாவே வச்சிருக்கும். மத்தவங்க ப்ராசஸ் விவரமும் நம்ம ஃபைல்ல வந்து உக்காரும், ஃபைலை யாருக்காவது அனுப்பும்போது அது நல்லது இல்ல. அட்மின் ரைட்ஸ் இருக்கிற பெர்ஃபார்மன்ஸ் லேப் மெஷினுக்கு சரி, எல்லாரும் டவுன்லோட் பண்ணி ஓட்டற டூலுக்கு இதை டீஃபால்ட்டா வைக்க முடியாது.

இப்போ நிஜமான போட்டிக்கு வருவோம், டார்கெட்டை ஓடறதுக்கு முன்னாடி நிறுத்தி வைக்கற வழிகள். இதுல மூணு இருக்கு: சைல்ட் தனக்குத்தானே சிக்ஸ்டாப் (ப்ராசஸை நிறுத்தற சிக்னல்) அனுப்பிக்கறது, பிட்ரேஸ் (ஒரு ப்ராசஸ் இன்னொண்ணைக் கட்டுப்படுத்தற சிஸ்கால்), பைப்.

சிக்ஸ்டாப் பாக்க அழகா இருக்கும். ஃபோர்க் பண்ணு, சைல்ட் தன்னையே நிறுத்திக்கட்டும், பேரன்ட் வெயிட்பிட்ல அண்ட்ரேஸ்ட் ஃப்ளாக் போட்டு அது நின்னதைத் தெரிஞ்சுக்கட்டும், கவுன்ட்டரை மாட்டிட்டு சிக்கான்ட் (திரும்ப ஓட விடற சிக்னல்) அனுப்பட்டும். ரெண்டு மூணு வரிதான். எனக்கு இது பிடிக்காததுக்குக் காரணம், கதவைத் திறக்கற சாவி நம்மகிட்ட மட்டும் இல்ல. யூசர் அந்த நேரம் பார்த்து கன்ட்ரோல் இசட் அடிச்சு திரும்ப எஃப்ஜி குடுத்தா ஷெல் மொத்த ப்ராசஸ் க்ரூப்புக்கும் சிக்கான்ட் அனுப்பும், சைல்டும் எழுந்து ஓட ஆரம்பிச்சுடும், கவுன்ட்டர் இன்னும் ரெடியாகியிருக்காது. இன்னொண்ணு, நடுவுல ப்ரொஃபைலரை யாராவது கில் மைனஸ் ஒன்பது போட்டு சாகடிச்சா சைல்டுக்கு அது தெரியாது. ப்ராசஸ் க்ரூப் அநாதையாச்சுன்னா கெர்னல் சிக்ஹப்பும் சிக்கான்டும் அனுப்பி முடிச்சு வைக்கும், ஆனா ஒரு ஸ்க்ரிப்ட்டுக்குள்ளேர்ந்து ஓட்டியிருந்தா அந்த ஸ்க்ரிப்ட் இன்னும் உயிரோட அதே க்ரூப்ல இருக்கும், க்ரூப் அநாதையாகாது, சைல்ட் ஸ்டாப் ஆன நிலையிலயே யாரும் கேக்காம கிடக்கும். பைப்ல இந்த ரெண்டு பிரச்சினையும் இல்லாததால சிக்ஸ்டாப்பை நான் லிஸ்ட்லேர்ந்தே எடுத்துடுவேன்.

பிட்ரேஸ் கொஞ்சம் மரியாதையா பேச வேண்டிய விஷயம், ஏன்னா டிபக்கர் எழுதறவங்க எல்லாம் இதைத்தான் யூஸ் பண்றாங்க, நல்லா வேலையும் செய்யும். சைல்ட் ட்ரேஸ்மீ சொல்லிட்டு எக்ஸெக் பண்ணும், எக்ஸெக் வெற்றியானதும் புது இமேஜோட முதல் இன்ஸ்ட்ரக்ஷனுக்கு முன்னாடியே கெர்னல் சிக்ட்ராப் குடுத்து நிறுத்தும், நாம கவுன்ட்டரை மாட்டிட்டு டிட்டாச் பண்ணிடலாம். எக்ஸெக் நிஜமா நடந்துச்சுங்கறது கையில உறுதியா இருக்கு. நிறுத்தி வச்ச நிலையில டார்கெட் மெமரியைப் படிக்கணும், ப்ரேக்பாயிண்ட் வைக்கணும்னா இதுதான் வழக்கமான வழி.

வெறும் சாம்ப்ளிங் ப்ரொஃபைலருக்கு இதை எடுத்தா குடுக்கற விலை அதிகம். ஒரு ப்ராசஸுக்கு ஒரு ட்ரேஸர்தான், அதனால எஸ்ட்ரேஸோ டிபக்கரோ அதே நேரத்துல கூட ஓட முடியாது. யாமா (பிட்ரேஸைக் கட்டுப்படுத்தற கெர்னல் செட்டிங்) பாலிசி 2ல இருந்தா ட்ரேஸ்மீக்கே கேப் சிஸ் பிட்ரேஸ் வேணும், 3ல யாருக்கும் கிடையாது. டாக்கரோட டீஃபால்ட் செக்காம்ப் ப்ரொஃபைல், அதாவது எந்த சிஸ்காலுக்கு அனுமதின்னு சொல்ற லிஸ்ட், கெர்னல் 4.8க்கு முந்தினதுல பிட்ரேஸை அடைச்சே வச்சிருந்துச்சு (அதே ப்ரொஃபைல் பெர்ஃப் ஈவென்ட் ஓப்பனையும் அடைக்கும்ங்கறதால கன்டெய்னர் விஷயத்துல பைப்புக்கு மட்டும் தனி சலுகை எதுவும் கிடையாது, அதையும் சொல்லிடணும்). எல்லாத்தையும் விட என்னை யோசிக்க வைக்கறது, டார்கெட்டோட நடத்தையே மாறிடும்ங்கறதுதான். சாதாரண யூசர் ட்ரேஸ் பண்ணிட்டு இருக்கும்போது செட்யூஐடி பைனரியை (ஓட்டறவரோட உரிமைக்குப் பதிலா ஃபைல் ஓனரோட உரிமையில ஓடறதை) எக்ஸெக் பண்ணினா அதுக்கு அந்தக் கூடுதல் உரிமை கிடைக்காது, டிட்டாச் பண்ணாத வரைக்கும் சிக்னல் ஒவ்வொண்ணும் முதல்ல ட்ரேஸர்கிட்ட வந்து நிக்கும், டிபக்கர் இருக்கான்னு செக் பண்ற ப்ரோக்ராம் வேற பாதையில போகும். அளக்க வந்த நாமளே அளக்கற பொருளை மாத்தறது எந்த வகையில நியாயம்? இன்னொரு சின்ன விஷயம், சிக்ட்ராப்ல நிக்கும்போது எக்ஸெக் முடிஞ்சாச்சு, மெயின் பைனரியும் லிங்கரும் ஏற்கனவே மேப் ஆகியாச்சு, அந்த எம்மேப் (எந்த ஃபைல் மெமரியில எங்க ஏறுச்சுன்னு சொல்ற) ஈவென்ட்டுகளை நாம தவறவிட்டாச்சு, திரும்ப மேப்ஸ் ஃபைலைப் படிச்சு கையால உருவாக்கணும்.

இப்போ பைப். 2009ல கெர்னல் 2.6.31ஓட வந்த பெர்ஃப் டூலே இப்படித்தான் தன்னோட வொர்க்லோடை ஸ்டார்ட் பண்ணுது. வரிசை இப்படி: ரெண்டு பைப் திறக்கணும், ரெண்டுக்கும் க்ளோஸ் ஆன் எக்ஸெக் (எக்ஸெக் ஆனதும் தானா மூடற ஃப்ளாக்) போட்டு. ஒண்ணு "போ"ன்னு சொல்ல, இன்னொண்ணு எக்ஸெக் எரரைச் சொல்ல. ஃபோர்க் பண்ணினதும் சைல்ட் போ பைப்ல ஒரு பைட் படிக்க உக்காந்துடும். பேரன்ட் அந்த பிஐடிக்கு கவுன்ட்டர்களைத் திறக்கும், டிஸேபிள்ட், இன்ஹெரிட், எனேபிள் ஆன் எக்ஸெக் மூணும் போட்டு. பஃபரை எம்மேப் பண்ணி, படிக்கற த்ரெட்டை ரெடி பண்ணிட்டு, ஒரு பைட் எழுதும். சைல்ட் எழுந்து எக்ஸெக் பண்ணும், அந்த எக்ஸெக்குக்குள்ள கெர்னலே கவுன்ட்டரை ஆன் பண்ணும். நாம ஃபோர்க் பண்ணின சைல்டுல ஓடின நம்ம சொந்த கோட் ஒரு சாம்பிள் கூட ப்ரொஃபைல்ல வராது, டார்கெட்டோட மேப்பிங் எல்லாம் முதல்லேர்ந்தே ஈவென்ட்டா வரும், த்ரெட் எல்லாம் அந்த ஒரு லீடரோட (ப்ராசஸோட முதல் த்ரெட்டோட) பிள்ளைகளா பொறக்கறதால இன்ஹெரிட் எல்லாத்தையும் பிடிச்சுக்கும். மேப்ஸ் ஃபைலும் வேணாம், டாஸ்க் லிஸ்ட்டும் வேணாம்.

இதுல ஒரு ஃப்ரெண்ட்லி இல்லாத விஷயம் இருக்கு, முதல் தடவை எழுதறவங்க எல்லாரும் முட்டிக்கற இடம்: இன்ஹெரிட் போட்ட ஈவென்ட்டை எல்லா சிபியூவுக்கும் சேர்த்து மைனஸ் ஒண்ணுன்னு குடுத்து திறந்தா, திறக்கறது திறக்கும், எம்மேப் பண்ணும்போது இன்வேலிட் ஆர்க்யுமென்ட்னு கெர்னல் திருப்பி அனுப்பிடும். எல்லா பிள்ளைகளும் ஒரே பஃபர்ல எழுதினா மெதுவாகும்னு வேணும்னே தடுத்து வச்சிருக்காங்க. சிபியூவுக்கு ஒண்ணா திறக்கணும். 64 கோர் மெஷின்ல ஒரு ஈவென்ட்டுக்கு 64 டிஸ்க்ரிப்டர், நாலு ஈவென்ட் கேட்டா 256, சாஃப்ட் லிமிட் பல இடத்துல 1024தான், கணக்கு வச்சுக்கோங்க. ஆனா அந்த லிமிட்டை ஏத்தறதா இருந்தா பேரன்ட்ல மட்டும், ஃபோர்க்குக்கு அப்புறம் ஏத்துங்க, இல்லன்னா டார்கெட்டுக்கும் அது போகும், டிஸ்க்ரிப்டர் தீர்ந்து போற பக்கை தேடிட்டு இருக்கிறவருக்கு அந்த பக் வராமயே போயிடும்.

பைப்போட பெரிய நன்மை தோல்வி வரும்போதுதான் தெரியும். கவுன்ட்டர் திறக்க பர்மிஷன் இல்லன்னு வைங்க. ஸ்பான் பண்ணிட்டு அட்டாச் ஆகற டூல்ல அந்த நேரம் டார்கெட் ஏற்கனவே ஓடிட்டு இருக்கு, அது ஒரு டேட்டாபேஸ் மைக்ரேஷனா இருந்தா பாதி டேபிள் மாறியிருக்கும், நாம "பர்மிஷன் இல்ல"ன்னு சொல்லிட்டு வெளிய வர்றோம். பைப்ல போ பைப்பை மூடிட்டா போதும், சைல்டுக்கு பைட்டுக்குப் பதிலா ஃபைல் முடிஞ்சுதுன்னு பூஜ்யம் வரும், அது அமைதியா எக்ஸிட் ஆகிடும், டார்கெட் ஒரு வரி கூட ஓடலை. ப்ரொஃபைலர் நடுவுல க்ராஷ் ஆனாலும் இதே பூஜ்யம்தான், சைல்ட் தொங்காது. ஆனா இதுக்கு ஒரு நிபந்தனை, சைல்ட் தன்கிட்ட இருக்கிற போ பைப்போட எழுதற முனையை ஃபோர்க் ஆனதும் மூடியிருக்கணும். அதை மறந்தா எழுதறதுக்கு இன்னும் ஆள் இருக்குன்னு கெர்னல் நினைச்சுக்கும், அந்த ஆள் சைல்டேதான், பூஜ்யம் எப்பவும் வராது, சைல்ட் காலாகாலத்துக்கும் தூங்கும். ரிவ்யூ பண்றவங்க முதல்ல தேட வேண்டிய வரி இதுதான்.

எரர் பைப்பும் அதே மாதிரி நேர்த்தியானது. எக்ஸெக் ஜெயிச்சா க்ளோஸ் ஆன் எக்ஸெக் காரணமா சைல்ட் பக்க முனை தானா மூடிக்கும், பேரன்ட் படிக்கும்போது பூஜ்யம் வரும், வெற்றின்னு அர்த்தம். தோத்தா சைல்ட் எர்நோவோட (எரர் நம்பரோட) நாலு பைட்டை எழுதிட்டு எக்ஸிட் ஆகும், பேரன்ட் அதை வச்சு "அப்படி ஒரு கமாண்ட் இல்ல"ன்னு தெளிவா சொல்லி 127, இல்ல "ஓட்ட அனுமதி இல்ல"ன்னு சொல்லி 126 திருப்பித் தரலாம், ஷெல் தர்ற அதே நம்பர். பெர்ஃப் இந்த இடத்துல பைப்புக்குப் பதிலா சைல்ட் பேரன்ட்டுக்கு சிக்யூஎஸ்ஆர்1 சிக்னல்ல எர்நோவை வச்சு அனுப்பற மாதிரி பண்ணியிருக்கு, அதுவும் வேலை செய்யும், ஆனா சிக்னல் ஹேண்ட்லர்னு வந்தாலே டூல்ல மத்த இடத்தோட மோதும், புதுசா எழுதறவங்களுக்கு நான் பைப்பைத்தான் சொல்லுவேன். கமாண்ட் பேரை தப்பா டைப் பண்ணினா "0 சாம்பிள் ரெக்கார்ட் ஆச்சு"ன்னு சொல்லி வெற்றியோட முடியற டூல் இருக்கே, அதுக்கு இந்த ஒரு பைப்தான் மருந்து.

சரி, இவ்ளோ நல்லதா இருந்தா எல்லாரும் ஏன் இதைப் பண்ணலைன்னா, அவங்க மொழியோட ஸ்டாண்டர்ட் லைப்ரரி விடாது. இது நிறைய பேர் கவனிக்காத இடம்ங்கறதால கொஞ்சம் நின்னு பாக்கலாம். ரஸ்ட்ல கமாண்ட் ஸ்பானுக்கு ப்ரீ எக்ஸெக்னு ஒரு ஹுக் இருக்கு, பைத்தான்ல பாப்பெனுக்கு ப்ரீ எக்ஸெக் ஃபங்ஷன் இருக்கு, "ஆஹா, அதுக்குள்ள போ பைப்பைப் படிச்சா போச்சு"ன்னு தோணும். போட்டுப் பாருங்க, டூல் அப்படியே உறைஞ்சு நிக்கும். ஏன்னா அந்த லைப்ரரிகளும் உள்ளுக்குள்ள இதே எரர் பைப் டெக்னிக்கைத்தான் வச்சிருக்கு, எக்ஸெக் நடந்து பைப் மூடற வரைக்கும் ஸ்பான் திரும்பி வராது. சைல்ட் நம்ம பைட்டுக்காக காத்திருக்கு, நாம ஸ்பான் முடியறதுக்காக காத்திருக்கோம், ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துட்டு நிக்கறோம். பாசிக்ஸ் ஸ்பானும் உதவாது, ஜிலிப்சியில அது விஃபோர்க் மாதிரி நடக்கும், எக்ஸெக் ஆகற வரைக்கும் கூப்பிட்ட த்ரெட் கெர்னல்லயே நிறுத்தப்பட்டிருக்கும், நடுவுல பெர்ஃப் ஈவென்ட் திறக்க இடமே இல்ல. கோல ப்ரீ எக்ஸெக் ஹுக்கே கிடையாது, கையால ஃபோர்க் பண்றதும் அங்க பாதுகாப்பு இல்ல.

சி, சி பிளஸ் பிளஸ், ரஸ்ட்ல இருந்தா நேரடியா ஃபோர்க்கை நீங்களே எழுதுங்க, ஆனா மெயின் ஃபங்ஷனோட ஆரம்பத்துலயே, வேற த்ரெட் எதுவும் பொறக்கறதுக்கு முன்னாடி. பல த்ரெட் இருக்கும்போது ஃபோர்க் பண்ணினா சைல்டுல ஒரே ஒரு த்ரெட்தான் உயிரோட வரும், வேற த்ரெட் மாலாக் லாக்கைப் பிடிச்சிருந்த நேரம்னா அந்த லாக் திறக்க ஆளே இல்லாம சைல்ட் மாட்டிக்கும். அதனால சைல்டுல ஃபார்மேட் ஸ்ட்ரிங், லாக் மெசேஜ் எதுவும் கூடாது, பாத்ல தேடற வேலையை பேரன்ட்லயே முடிச்சுட்டு சைல்டுல வெறும் எக்ஸெக்விஇ மட்டும். அப்படி மாத்தும்போது ஒண்ணை மறந்துடாதீங்க, ஷெபாங் வரி (எதை வச்சு ஓட்டணும்னு சொல்ற முதல் வரி) இல்லாத ஸ்க்ரிப்ட்டை எக்ஸெக்விபி தானா ஷெல் குடுத்து ஓட்டிடும், எக்ஸெக்விஇ ஓட்டாது, எரர்தான் வரும், நேத்து வரைக்கும் ஓடின ஸ்க்ரிப்ட் இன்னைக்கு ஏன் ஓடலைன்னு யூசர் வந்து நிப்பாரு, அதையும் பேரன்ட்ல கையாளணும்.

கோ, பைத்தான், நோட்னா ஷிம். அதாவது ஒரு குட்டி பைனரி, அதோட வேலை ரெண்டே ரெண்டு: குடுத்த டிஸ்க்ரிப்டர்ல ஒரு பைட் வர்ற வரைக்கும் காத்திருக்கறது, வந்ததும் டார்கெட்டை எக்ஸெக் பண்றது. உங்க டூல் ஸ்டாண்டர்ட் லைப்ரரி வழியாவே ஷிம்மை ஸ்பான் பண்ணும், ஸ்பான் திரும்பி வந்துச்சுன்னா ஷிம்மோட எக்ஸெக் முடிஞ்சாச்சுன்னு அர்த்தம், இப்போ கவுன்ட்டரை எனேபிள் ஆன் எக்ஸெக்கோட திறந்தா அடுத்து வரப்போற எக்ஸெக் டார்கெட்டோடதுதான். பைத்தான்ல பாஸ் எஃப்டீஸ், கோல எக்ஸ்ட்ரா ஃபைல்ஸ் வழியா டிஸ்க்ரிப்டரைக் குடுக்கலாம், ஷிம் உள்ள வந்ததும் அதுக்கெல்லாம் திரும்ப க்ளோஸ் ஆன் எக்ஸெக் போட்டுடணும், இல்லன்னா டார்கெட்டுக்குள்ள லீக் ஆகும், எரர் பைப்பும் மூடாது. ஷிம்மை ஷெல் ஸ்க்ரிப்ட் வழியா சுத்தி கூப்பிடாதீங்க, நடுவுல ஒரு எக்ஸெக் கூடினா கவுன்ட்டர் தப்பான எக்ஸெக்ல ஆன் ஆகிடும்.

ஷிம்மை எந்த மொழியில எழுதறதுங்கறதுலயும் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு: சி, இல்ல த்ரெட் இல்லாத ரஸ்ட். உங்க டூல் கோல இருக்குன்னு அதே பைனரியை ஷிம்மாவும் ஓட்டலாம்னு ஆசை வரும், ஆனா கோ ரன்டைம் ஆரம்பத்துலயே பல த்ரெட் வச்சிருக்கும், எக்ஸெக்கை லீடர் அல்லாத ஒரு த்ரெட் கூப்பிட்டா கெர்னல் மத்த எல்லா த்ரெட்டையும் கொன்னுட்டு அந்த த்ரெட்டுக்கு லீடரோட பிஐடியைக் குடுக்கும். வெளியிலேர்ந்து பார்த்தா பிஐடி அதேதான், ஆனா நம்ம கவுன்ட்டர் பழைய லீடர் த்ரெட்ல மாட்டியிருந்துச்சு, அது செத்தாச்சு, கவுன்ட்டரும் அதோட போச்சு. சில நேரம் ப்ரொஃபைல் வரும், சில நேரம் காலியா வரும், ஷெட்யூலர் மனசு எப்படியோ அப்படி. கோலதான் எழுதணும்னா இனிட்ல லாக் ஓஎஸ் த்ரெட் போட்டு மெயின் த்ரெட்லேர்ந்தே எக்ஸெக் பண்ணணும்.

ப்ரீலோட் வழியையும் சொல்லணும், டார்கெட்டுக்குள்ளயே ஒரு லைப்ரரியை நுழைச்சு டைமர் வச்சு உள்ளேர்ந்து சாம்பிள் எடுக்கறது. பர்மிஷன் தொல்லை கம்மி, கெர்னல் உதவி வேணாம், பெர்ஃப் ஈவென்ட் அடைச்ச கன்டெய்னர்ல கூட ஓடும். ஆனா ஸ்டாடிக்கா லிங்க் பண்ணின பைனரியில நுழையாது, செட்யூஐடியில லோடரே அந்த வேரியபிளைத் தூக்கிப் போட்டுடும், லைப்ரரி லோட் ஆகறதுக்கு முன்னாடி லிங்கர் செலவழிச்ச நேரம் தெரியாது. மெமரி அலொகேஷன் ப்ரொஃபைலருக்கு இது இயல்பான வழி, சிபியூ ப்ரொஃபைலருக்கு நான் ரெண்டாவதாத்தான் வைப்பேன்.

மேக்ல நிலைமையே வேற. பாசிக்ஸ் ஸ்பான்ல ஸ்டார்ட் சஸ்பென்டட்னு ஒரு ஃப்ளாக் இருக்கு, நிறுத்தி வைக்கறது ரொம்ப சுலபம், நிறுத்தினதுக்கு அப்புறம் டாஸ்க் போர்ட் (அந்த ப்ராசஸைக் கட்டுப்படுத்தற கைப்பிடி) வாங்கறதுதான் கஷ்டம், அதுக்கு ரூட் இல்ல சரியான கையெழுத்து வேணும். சாம்ப்ளி மாதிரி டூல் ஒரு லைப்ரரியை உள்ள அனுப்பி, டார்கெட்டே தன் டாஸ்க் போர்ட்டை ப்ரொஃபைலருக்கு அனுப்பற மாதிரி பண்ணியிருக்கு, நல்ல தீர்வு, ஆனா சிஸ்டம் இன்டெக்ரிட்டி ப்ரொடெக்ஷன் காக்கற சிஸ்டம் பைனரிகள்ல அந்த லைப்ரரி நுழையாது. அதனால மேக்ல ப்ரீலோட் முதல் இடத்துக்கு வந்துடுது. விண்டோஸ்ல க்ரியேட் சஸ்பென்டட் போட்டு உருவாக்கி, இடிடபிள்யூ (விண்டோஸோட ட்ரேஸிங் வசதி) செஷனை ஸ்டார்ட் பண்ணிட்டு, ரெஸ்யூம் த்ரெட் கூப்பிட்டா போதும். டார்கெட்டோட பிள்ளை ப்ராசஸ்களையும் கணக்குல வைக்க ஜாப் ஆப்ஜெக்ட்ல போடுங்க. மூணு தளத்துக்கும் ஒரே கோட் பாதை எழுத முயற்சி பண்ணாதீங்க, "நிறுத்தி வச்ச ப்ராசஸ்", அதுல "ஓட விடு", "கைவிடு"ன்னு ரெண்டு செயல், இந்த அளவுக்கு மட்டும் பொதுவா வச்சுட்டு உள்ள தனித்தனியா எழுதிக்கறது நிம்மதி.

எந்த வழியை எடுத்தாலும் சிக்னலைத் தனியா சரி பண்ணியாகணும். எக்ஸெக் ஆகும்போது ஹேண்ட்லர் எல்லாம் டீஃபால்ட்டுக்குப் போயிடும், ஆனா இக்னோர் பண்ணின சிக்னல் இக்னோராவே தொடரும், சிக்னல் மாஸ்க்கும் அப்படியே போகும். ப்ரொஃபைலர் கன்ட்ரோல் சி வந்தா சாகாம ஃபைலை எழுதி முடிக்கணும்னு சிக்இன்ட்டை ப்ளாக் பண்ணி வச்சிருந்து, அதுக்கப்புறம் ஃபோர்க் பண்ணினா டார்கெட்டும் சிக்இன்ட் ப்ளாக் ஆன நிலையிலயே பொறக்கும், யூசர் எத்தனை தடவை கன்ட்ரோல் சி அடிச்சாலும் அது நிக்காது. ரஸ்ட் ரன்டைம் ஸ்டார்ட் ஆகும்போதே சிக்பைப்பை இக்னோர் பண்ணிடும், ஸ்டாண்டர்ட் கமாண்ட் வழியா ஸ்பான் பண்ணினா அது திரும்ப டீஃபால்ட் ஆக்கிக் குடுக்கும், ஆனா நாம கையால ஃபோர்க்குக்கு மாறினோம்ல, இப்போ அது நம்ம பொறுப்பு. மறந்தா, ப்ரொஃபைலர் அவுட்புட்டை ஹெட் கமாண்டுக்கு பைப் பண்ணி ஓட்டினவருக்கு, டார்கெட் சத்தமில்லாம சாக வேண்டிய இடத்துல ப்ரோக்கன் பைப்னு எரர் கக்கும், இல்ல எரரையே பாக்காத ப்ரோக்ராமா இருந்தா நிக்காம ஓடிட்டே இருக்கும். கன்ட்ரோல் சி முன்னணி க்ரூப் முழுக்கப் போகும், அதனால அதை ஃபார்வர்ட் பண்ணாதீங்க, டார்கெட்டுக்கு ரெண்டு தடவை போகும். சிக்டெர்ம் ப்ரொஃபைலருக்கு மட்டும் வரும், அதை ஃபார்வர்ட் பண்ணுங்க.

முடிவு எப்போன்னும் தீர்மானிக்கணும். முதல் சைல்ட் செத்ததும் நிறுத்தினா, பின்னணிக்குப் போற சர்வர் மாதிரி ரெண்டு தடவை ஃபோர்க் பண்ற ப்ரோக்ராம்ல எதுவும் கிடைக்காது. சப்ரீப்பரா பதிஞ்சுக்கிட்டா அநாதையாகிற பேரப்பிள்ளைகள் நம்மகிட்ட வந்து சேரும், அவங்களுக்கும் காத்திருக்கலாம், ஆனா அதை ஆப்ஷனா மட்டும் வைங்க, பின்னணியில எதையாவது விட்டுட்டு முடியற பில்ட் கமாண்டை ப்ரொஃபைல் பண்றவர் நாள் முழுக்க காத்திருக்கக் கூடாது. அதோட, சாதாரண யூசரா ப்ரொஃபைலரை ஓட்டி அதுக்குள்ள சூடோவைக் குடுத்தா, செட்யூஐடி எக்ஸெக் ஆன நொடியில கெர்னல் நம்ம கவுன்ட்டரைக் கழட்டிடும். இதை லாஞ்ச் கோட்ல யாராலயும் சரி பண்ண முடியாது, டார்கெட் செட்யூஐடியா இருந்தா முன்னாடியே கண்டுபிடிச்சு எச்சரிக்கை காட்டறதுதான் நம்மால முடிஞ்சது.

இதையெல்லாம் ஒரே பெரிய பேட்ச்சா போடாம மூணா பிரிச்சா ரிவ்யூ பண்றவங்களுக்கு நல்லது. முதல்ல எரர் பைப்பும் எக்ஸிட் கோடும், ஏன்னா அது இப்போ இருக்கிற அட்டாச் வழியோடயே சேரும், யூசருக்கு உடனே பலன் தெரியும். ரெண்டாவது போ பைப்பும் எனேபிள் ஆன் எக்ஸெக்கும், மொழி விடலைன்னா ஷிம்மும். மூணாவது சிக்னல். டெஸ்ட்டுக்கு, இல்லாத கமாண்ட், ஓட்ட அனுமதி இல்லாத ஃபைல், உடனே முடியற ட்ரூ கமாண்ட், ஷெபாங் இருக்கிற ஸ்க்ரிப்ட், ஷெபாங் இல்லாத ஸ்க்ரிப்ட், கவுன்ட்டர் பர்மிஷன் இல்லாத யூசர், இந்த ஆறும் சிஐல இருக்கணும். கடைசி டெஸ்ட்ல டார்கெட்டா ஒரு ஃபைலை உருவாக்கற கமாண்டைக் குடுங்க, ப்ரொஃபைலர் எரரோட வெளிய வந்ததுக்கு அப்புறம் அந்த ஃபைல் இருக்கக் கூடாது.